இல்லை நோட்டும் கால்மணையும்

முப்பத்தொரு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அதிகமாகச் சொன்ன சொல் “இல்லை” என்பதுதான். நூலகத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும், உண்மையைச் சொல்கிறவராக இருந்தால், இதைத்தான் சொல்வார். இருக்கிற புத்தகத்தை வாசகரே எடுத்துக்கொள்வார். இல்லாத புத்தகத்துக்குத்தான் நம்மிடம் வருவார்.

போன மாதம் நான் வேலை பார்த்த நூலகத்திலிருந்து இப்போதைய நூலகர் போன் செய்தார். கார்டு அலமாரிகளை ஏலம் விடப்போகிறார்களாம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. “பேரை அடிச்சா போதும் மேடம், இருக்கா இல்லையான்னு ஒரு நொடியில வந்துடும். அந்தக் காலத்துல நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்க” என்றார். மரியாதையான பிள்ளை.

“இல்லைன்னு வந்தா என்ன பண்றீங்க?” என்று கேட்டேன்.

“இல்லைன்னா இல்லைதானே மேடம்” என்று சிரித்தார்.

எனக்குச் சுரீரென்றது. அதே வார்த்தையை அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளில் அவளுக்கு இருபத்து நான்கு வயது, பெயர் தனலட்சுமி, உதவி நூலகர். நான்தான். அவள் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அலமாரியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

என் ஊர் கருங்குழி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், நாலு பெண்கள். நான் மூன்றாவது. பி.ஏ. முடித்து, சென்னையில் ஒரு வருடம் நூலகப் படிப்புப் படித்தேன். எந்தப் புத்தகத்துக்கு என்ன எண் போடுவது என்பதைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்லுவேன். அவ்வளவுதான் தெரியும். செங்கல்பட்டில் அப்போது பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் ஒன்று இருந்தது. அதன் நூலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ். எனக்கு உயரம் நாலடி பத்தங்குலம். பஸ்ஸில் மேல் கம்பி எட்டாது என்பதால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் முழங்கையைக் காதோரம் வாங்கிக்கொண்டு போய்ச் சேருவேன்.

உயரத்தைச் சும்மா சொல்லவில்லை, அதற்கு வேலை இருக்கிறது. நூலகத்தில் எனக்குக் கொடுத்த மேசையும் நாற்காலியும் ஆறடி ஆள் ஒருவருக்காகச் செய்தவை. உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. ஒரு வாரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலமானால் முட்டிக்குக் கீழே மரத்துப்போகும்.

எங்கள் அட்டெண்டர் முனுசாமி, சிங்கப்பெருமாள் கோயில்காரர், இதைப் பார்த்துவிட்டார். “இன்னாம்மா, காலு அந்தரத்துல தொங்கிகினு கீது? இரு, வர்றேன்” என்று பின்னறைக்குப் போய், கோணியில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு கட்டை இழுத்துவந்து மேசைக்கு அடியில் தள்ளினார். அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. “உள்ள இன்னா கீதோ, ரெண்டு வருசமா கெடக்குது. யாரும் கேக்கல” என்றார். நானும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் அதன்மேல் வைத்துக்கொண்டேன். அப்பாடா என்று இருந்தது.

எங்கள் நூலகர் வரதராஜன் சார். குரலை உயர்த்த மாட்டார். தவறு செய்தால் கூப்பிட்டுத் திட்டவும் மாட்டார். மறுநாள் காலை நம் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருக்கும். “நேற்று வந்தவரை எவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள்?” என்பது மாதிரி. பதிலை எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பேசாமல் நாலு வார்த்தை திட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

வேலையில் அவர் வைத்த முறை மாறவே கூடாது. புதுப் புத்தகம் வந்தால் முதலில் பதிவேட்டில் ஏற்றி எண் போட வேண்டும். தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, முப்பத்தேழாம் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் இன்னொரு முத்திரை. யாராவது முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் எங்களுடையது என்று முப்பத்தேழாம் பக்கம் சொல்லும். பிறகு கடைசி அட்டையில் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். பசைக்கு மைதாவோடு மயில் துத்தம் சேர்த்துக் காய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி வரும். கடைசியில் கார்டு எழுதி இழுப்பறையில் கம்பியில் கோக்க வேண்டும். கம்பியில் ஏறிய பிறகுதான் அது புத்தகம். அதற்கு முன்னால் வெறும் காகிதம்.

இத்தனையும் தொடங்குவதற்கு ஒரு பரிந்துரைச் சீட்டு வேண்டும். பதிவேட்டில் “பரிந்துரைத்தவர்” என்று ஒரு கட்டம் உண்டு. பேராசிரியர்கள் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள், அந்தப் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதுவோம். கட்டம் காலியாக இருந்தால் புத்தகம் பதிவேட்டில் ஏறாது.

இன்னொரு நோட்டும் அவர் வைத்திருந்தார். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. நாங்கள் அதை இல்லை நோட்டு என்போம். ஒரு வாசகர் கேட்டு, நாம் இல்லை என்று சொன்னால், அதை அதில் எழுத வேண்டும். தேதி, கேட்டவர் பெயர், கேட்டது என்ன, நான்காவதாக “எங்கே தேடினோம்”. வேலையில் சேர்ந்த அன்று அதை என்னிடம் கொடுத்துவிட்டு, “இல்லைங்கறது சாதாரண வார்த்தை இல்லை, தனலட்சுமி. எங்கே தேடினீங்கன்னு எழுதிட்டு அப்புறம் சொல்லுங்க” என்றார்.

நான் நான்காவது கட்டத்தில் “கார்டு” என்று எழுதுவேன். தினமும், எல்லோருக்கும். கார்டு இழுப்பறையைப் பார்த்தேன், கார்டு இல்லை, ஆகவே புத்தகம் இல்லை. கொஞ்ச நாளில் அதைக்கூட முழுதாக எழுதாமல் “கா.” என்று போட ஆரம்பித்தேன். பிறகு மேலே ஒரு “கா.” போட்டு, கீழே வரிசையாக மேற்படிக் குறி. சனிக்கிழமை தோறும் வரதராஜன் சார் அந்த நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “கார்டெல்லாம் பார்த்துட்டேன் சார்” என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நூருன்னிசாவுக்கு வருகிறேன்.

அவள் பொருளாதாரம் முதலாண்டு. மகாபலிபுரத்தில் அவள் அத்தாவுக்குச் சங்கு, கிளிஞ்சல் சாமான் விற்கிற கடை. பி.ஏ. வரைக்கும் தமிழில் படித்தவள். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வருவாள். அவள் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்தையும் ஒப்பேற்றிவிட்டாள். புள்ளியியல் மட்டும் காலை வாரியது. பேராசிரியர் கொடுத்த புத்தகப் பட்டியலில் இருந்த அத்தனையும் இங்கிலீஷ்.

ஒரு நாள் கவுண்டரில் வந்து நின்று, “மேடம், இந்தப் புள்ளியியலத் தமிழ்ல எழுதின புக்கு எதுனா கீதா?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், பக்கத்தில் அவள் வகுப்புப் பையன்கள் இருந்தார்கள்.

எழுந்து போய் இழுப்பறையைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கால்மணைமேல் காலை வைத்துக்கொண்டு, “இல்லைம்மா” என்றேன். நோட்டில் எழுதினேன். நான்காவது கட்டத்தில் மேற்படிக் குறி.

ஆனால் அவளை அப்படியே அனுப்பவில்லை. எனக்கு உதவி செய்கிற ஆசை உண்டு, அதில் குறை சொல்ல முடியாது. அலமாரியில் இருந்த இங்கிலீஷ் புத்தகங்களில் எளிதானது எது, அடுத்தது எது என்று பார்த்து, வரிசையாக ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தேன். ரொம்பப் பெருமையாக, “இதே வரிசைல படி, தானா வரும்” என்றும் சொன்னேன். நான் புள்ளியியலில் ஒரு பக்கம்கூடப் படித்தது கிடையாது.

அவள் படித்தாள். அகராதியை வைத்துக்கொண்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து படித்ததை நானே பார்த்தேன். முதல் புத்தகத்தில் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை. பிறகு ஒரு வகுப்புத் தேர்வு வந்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது பேராசிரியர் எல்லார் முன்னாலும், “தமிழ்ல படிச்சுட்டு வர்றவங்களுக்கு இது ஒத்துவராதும்மா, வேற ஏதாவது பார்த்துக்கலாம்” என்று சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து நூருன்னிசா நாலு வாசகர் சீட்டையும் என் மேசைமேல் வைத்தாள். கூடவே, படிப்பை விடுகிறவர்கள் எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்குகிற படிவம்.

“ஏம்மா?” என்றேன்.

“வேணாம் மேடம். கடையில அத்தாவுக்கு ஒத்தாசையா இருக்கேன்.”

“அத்தா வரச் சொன்னாரா?”

“அவரு ஒண்ணும் சொல்லல” என்றாள். படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். நூலகத்துக்கு இவர் தர வேண்டியது எதுவும் இல்லை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நூலகம் அவளுக்குத் தர வேண்டியது இருக்கிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அது மழைக்காலம். அடுத்த வியாழக்கிழமை காலை, சுவரோரம் கரையான் ஏறியிருப்பதைப் பார்த்து முனுசாமி மருந்து போட வந்தார். “காலை எடும்மா” என்று சொல்லிவிட்டு என் கால்மணையை இழுத்தார். கயிறு இற்றுப்போயிருந்தது. கோணி வாய் பிளந்து உள்ளே இருந்தது தரையில் சரிந்தது.

புத்தகங்கள். பழைய அறிக்கைகள் இல்லை, படிவங்கள் இல்லை. கல்லூரிப் பாடங்களை அரசாங்கமே தமிழில் எழுதவைத்து அச்சடித்து நூலகங்களுக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மேலே கிடந்ததன் அட்டையில் புள்ளியியல் என்று போட்டிருந்தது. ஒன்றல்ல, மூன்று பிரதி.

முனுசாமி பதறிப்போய் ஒரு புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “ஐயோ, இத்தப் போயி காலுக்கு வெச்சேனே” என்றார். கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. நான் எட்டு மாதமாகப் புத்தகத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அழுகை வந்தது, முனுசாமி எதிரில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஒரு பிரதியும் இல்லை நோட்டும் எடுத்துக்கொண்டு வரதராஜன் சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், காலைப் பற்றியும் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி நூருன்னிசா பெயர் இருந்த பக்கத்தைத் திறந்தார். விரலை நான்காவது கட்டத்தில் வைத்தார்.

“எங்கே தேடினீங்க?”

“கார்டுல சார்.”

“புத்தகத்தைத் தேடலை?”

“இல்லை சார்.”

அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். அந்தக் கட்டுகள் வந்தபோது கூட வந்த கடிதம். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில், “பரிந்துரை வரும்வரை நிறுத்தி வைக்கவும்” என்று எழுதியிருந்தது. “ஏழு கட்டு வந்தது. மத்த ஆறும் பின்னறையிலதான் கிடக்கு. எந்த வாத்தியாரும் சீட்டு அனுப்பலை. நானும் கேட்கலை. சனிக்கிழமை சனிக்கிழமை இந்த நோட்டுல கையெழுத்தும் போட்டிருக்கேன்” என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான். பிறகு, “அந்தப் பொண்ணு பேரை வருகைப் பதிவேட்டுல இன்னும் அடிக்கலை. திங்கட்கிழமைதான் அந்தப் படிவத்துல துறைத் தலைவர் கையெழுத்துப் போடுவார். அதுக்கப்புறம் நம்மால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

“நாளைக்கு லீவு கொடுங்க சார்” என்றேன்.

“எதுக்கு?”

“மகாபலிபுரம் போறேன்.”

“லீவு எதுக்கு? வேலையாத்தானே போறீங்க” என்றார்.

புத்தகத்தை வெளியே எடுத்துப் போக முறைப்படி ஒரு வழியும் இல்லை. ஆனால் தடுக்கவும் விதி இல்லை. பதிவேட்டில் ஏறாத புத்தகம் கணக்குப்படி பிறக்கவே இல்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

கோயில் தெருவில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அத்தா ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நூருன்னிசா கல்லாவில் இருந்தாள். வாசலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வெண்சங்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நோ மேடம், நாட் பெயின்ட். ரியல். யூ ரப், யூ ஸீ. ஃபிஃப்டீன் ருபீஸ், லாஸ்ட் ப்ரைஸ்” என்று அவள் பொரிந்து தள்ளினாள். அந்த அம்மாள் ஏதோ சொல்ல, இவள் திருப்பிச் சொல்ல, இருவரும் சிரிக்க, பதினாலுக்கு முடிந்தது. இங்கிலீஷ் ஒத்துவராது என்று வகுப்பிலிருந்து திரும்பி வந்த பெண் இவள்தான்.

என்னைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. “இன்னா மேடம், இவ்ளோ தூரம்?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் உட்காராமல் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

அட்டையைப் பார்த்தாள். திறந்தாள். நின்றுகொண்டே இரண்டு பக்கம், மூன்று பக்கம் படித்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு எதிரில் இருந்த கிளிஞ்சல் கூடையைப் பார்த்தாள். உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி மேசைமேல் பரப்பினாள்.

“இத்தத்தான் சொல்றாங்களா? எல்லாம் ஒரே சைஸுன்னு சொல்லித்தான் கூடையக் குடுப்பான். கொட்டிப் பாத்தா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. நடுவுல இருக்கறதுல இருந்து ஒவ்வொண்ணும் எவ்ளோ தள்ளிப் போவுதுன்னு பாத்தாத்தான் கூடை நல்ல கூடையா, மோசக் கூடையான்னு தெரியும். அத்தாவுக்கு நாந்தான் பாத்துச் சொல்வேன்” என்றாள். பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கண் கலங்கிவிட்டது. “இது எனக்குத் தெரிஞ்சதுதானே மேடம்! தெரியாதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களே.”

புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க இருந்துச்சி இது?”

பஸ்ஸில் வரும்போது பல பதில் யோசித்து வைத்திருந்தேன். பின்னறையில் இருந்தது, இப்போதுதான் வந்தது. எதையும் சொல்ல வாய் வரவில்லை. “என் மேசைக்கு அடியில. நான் கால் வெச்சிக்கிற கட்டுக்குள்ள இருந்துச்சு” என்றேன்.

“காலுக்குக் கீழயா?”

“ஆமா. தப்பு என்னுதுதான். நான் கார்டு பார்த்தேன், புத்தகத்தைத் தேடலை. இது மாதிரி ஏழு கட்டு பிரிக்காமக் கிடந்திருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன். திங்கட்கிழமைக்குள்ள நீ வந்துடணும்.”

அவள் கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகக் கூடையில் திருப்பிப் போட்டாள். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. கோபமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. அதற்குள் அத்தா வந்துவிட்டார். மல் ஜிப்பா, தலையில் தொப்பி. யார் என்று விசாரித்துவிட்டு மகளைப் பார்த்துச் சொன்னார். “படிக்கச் சொன்னது நானு. வேணாம்னு வந்து குந்தினது நீ. இப்ப இன்னா சொல்றே?”

“ஒரு புக்கு எனக்கு மட்டும் குடுத்துட்டுப் போறதுன்னா வேணாம்” என்றாள் அவள் என்னைப் பார்த்து. “எங்க கிளாஸ்ல இன்னும் ஆறு பேரு இருக்கறாங்க, கேக்க வெக்கப்பட்டுகினு. எல்லாக் கட்டையும் பிரிச்சி மேல அலமாரில வைங்க. வந்து பாப்பேன். வெச்சிருந்தீங்கன்னா இருப்பேன்.” புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“வெப்பேன்” என்றேன். எப்படி என்று தெரியாது, ஆனால் வைக்காமல் விடுவதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு டீ குடிக்கச் சொன்னார் அத்தா. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை நேராகப் புள்ளியியல் பேராசிரியரிடம் போனேன். ஏழு கட்டுக்கும் பட்டியல் எடுத்து, பரிந்துரைச் சீட்டில் கையெழுத்துக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். “இதை வெச்சீங்கன்னா பசங்க இங்கிலீஷ் புத்தகத்தைத் தொடவே மாட்டாங்க. நாளைக்கு வெளியூர்ல போய் என்ன பண்ணுவாங்க? தரம் போயிடும்மா.”

“இப்பவும் தொடலையே சார். இதைப் படிச்சுட்டு அதைத் தொடட்டும்” என்றேன்.

“நான் கையெழுத்துப் போட முடியாது.”

வேறு துறைகளுக்குப் போனேன். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பதினோரு மணிக்குத் திரும்பி வந்து வரதராஜன் சார் முன்னால் காலிச் சீட்டை வைத்தேன். அவர் நூலக விதிகள் அச்சடித்த சின்னப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“பரிந்துரைத்தவர் பெயர் எழுதப்பட வேண்டும்னுதான் இருக்கு. ஆசிரியர்னு எங்கேயும் போடலை. இத்தனை வருஷமா நாமளா அப்படி நினைச்சுக்கிட்டிருக்கோம்” என்றார். பிறகு இல்லை நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “யார் யாரு கேட்டாங்கன்னு இதுல இருக்கே.”

இருந்தது. தேதியோடு, பெயரோடு, கேட்டது இன்னதென்று என் கையெழுத்திலேயே இருந்தது. மூன்று கட்டங்களை ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தேன்.

உட்கார்ந்தோம். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். நான் நோட்டிலிருந்து பெயரைப் படிக்க, அவர் எழுதினார். புள்ளியியல், பரிந்துரைத்தவர் நூருன்னிசா, முதலாண்டு. வரலாறு, வேறொரு மாணவர். தாவரவியல், இன்னொருவர். முனுசாமி பசை காய்ச்சினார், தலைப்புப் பக்கத்திலும் முப்பத்தேழாம் பக்கத்திலும் முத்திரை குத்தினார். மண் வளம் பற்றிய ஒரு புத்தகத்தை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. சார் பேனாவை நிறுத்தினார்.

“என் பேரை எழுதிக்கோ சார், எனக்குக் கொஞ்சம் நெலம் கீது” என்றார் முனுசாமி. எழுதினார். இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் பேராசிரியர்கள் பெயர்களுக்கு நடுவே அந்தப் பெயர் இருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்று தெரியவில்லை.

சாயங்காலத்துக்குள் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் மூன்று பேரும் வந்தோம். கார்டு எழுதி எழுதி என் விரல் வீங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் கடைசிக் கார்டைக் கம்பியில் கோத்தேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நூருன்னிசா வந்தாள். நேராக அலமாரிகளுக்குப் போனாள். ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். புள்ளியியல் இருந்த இடத்தில் மூன்று பிரதியையும் தொட்டுப் பார்த்தாள். தாவரவியல் பக்கம் போனாள், வரலாற்றுக்குப் போனாள். பின்னறைக் கதவைத் திறந்து உள்ளேகூட எட்டிப் பார்த்தாள். கட்டு ஒன்றும் பாக்கி இல்லை. வரதராஜன் சார் தன் அறை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அவள் கவுண்டருக்கு வந்து கையை நீட்டினாள். நாலு வாசகர் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து நான்காக மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு புள்ளியியலில் ஒரு பிரதியை வைத்தாள். தேதிச் சீட்டில் முதல் தேதியைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருடம் அவள் அந்தப் பாடத்தில் ஒன்றும் கொடிகட்டிப் பறக்கவில்லை. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே வாங்கினாள். அடுத்த வருடம் அதே ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து நான் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் பட்டியலில் முதல் மூன்றை முடித்தாள். நாலாவதும் ஐந்தாவதும் தண்டம் என்று என்னிடம் சொன்னாள். பட்டியலிலிருந்து அந்த இரண்டையும் அடித்துவிட்டேன். மற்ற ஆறு பேரில் நாலு பேர் அந்த மூன்று பிரதிகளைக் கிழியக் கிழியப் படித்தார்கள். நான் இல்லை நோட்டில் நான்காவது கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு அகலமாக்கினேன். கார்டு, அலமாரி, திரும்பி வந்த புத்தகங்கள், பைண்டிங், பின்னறை, மேசைக்கு அடி. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஓய்வு பெறும்வரை.

அந்தத் திங்கட்கிழமை புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவள், கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். குனிந்து என் மேசைக்கு அடியில் பார்த்தாள்.

“இப்ப கால எங்க வெக்கிறீங்க மேடம்?”

“தொங்குது” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். முனுசாமி மறுநாளே ஒரு மரப்பலகை கொண்டுவந்தார், நான் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அந்த மேசையில் இருந்த அத்தனை வருடமும் என் கால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலமானால் மரத்துப்போகும். யாராவது கவுண்டரில் வந்து ஒரு புத்தகம் கேட்பார்கள். இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போது காலில் சுருக்கென்று ஒன்று இழுக்கும், இறங்கிப் போய்த் தேடுவேன்.